தேங்காய் எண்ணெய் போட்ட துவக்கு

போன சனிக்கிழமை, ஒக்லாந்தின் தெற்கே தகனினியில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். பேரப்பிள்ளைக்குத் தலைக்கு வைப்பதற்காக, உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை மருமகள் மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கினாள். மணம் குசினி முழுக்கப் பரவியது. நான் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய், உடுப்புக் காயப்போடுகிற கம்பிக்குக் கீழே நின்றேன்.

மருமகள் பின்னால் வந்து, "மாமி, என்ன செய்யுது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, மணம் பிடிக்கவில்லை என்றேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தேங்காய் எண்ணெய் மணம் பிடிக்கவில்லையாம். பிள்ளை நம்பவில்லை. அவளுக்கு விளக்கம் சொல்லப் போனால் முழுக் கதையும் சொல்ல வேண்டும். எனக்கு நேரே நின்று கதை சொல்ல வராது. பாதியில் நாக்கு ஒட்டிவிடும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு அந்த எண்ணெயில் துவக்கு மணக்கும், சுடுகிற துப்பாக்கி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் ஹில்ஸ்பரோவில் ஒரு பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒனஹங்கா பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். இவரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எழுத்திலும் 'இவர்' என்றே வைத்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் ஸ்மோகோ என்று ஒரு தேநீர் இடைவேளை உண்டு. அதில் இவர் இரண்டு வருடம் தனியே இருந்து என் இடியப்பத்தைச் சாப்பிட்டவர். மற்றவர்கள் ரக்பி கதைப்பார்கள், மீன்பிடி கதைப்பார்கள், மான் வேட்டை கதைப்பார்கள். இவருக்கு ஒன்றிலும் பங்கில்லை.

போர்மன் கெவின் ஒருவர்தான் எப்போதாவது பக்கத்தில் வந்து இருப்பாராம். நெடிய மனிதர், சிவந்த முகம், குறைந்த பேச்சு. இவருடைய விரல் மெஷினில் மாட்டவிருந்த ஒருநாள் ஓடிவந்து சுவிட்சை நிறுத்தியவர். சித்திரை மாதத்தில் ஆண் மான்கள் துணை தேடிக் கத்துகிற காலம் வரும். அந்தக் காலத்தில் கெவின் கூட்டத்தார் தௌப்போவுக்கு அங்கால் உள்ள காடுகளுக்குப் போவார்கள். அந்த முறை இவரையும் வரச்சொல்லிக் கேட்டுவிட்டார். ஆனால் காட்டுக்கு வருகிறவன் தன் துவக்கோடு வர வேண்டும் என்பது அவர்களுடைய முறை.

இவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். துவக்குக்குப் பயந்து, இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, வீடு வளவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். அதற்கோ இவ்வளவு தூரம் ஓடிவந்தோம் என்று கேட்டேன். இவர் சொன்னார்:

"ஆமிக்காரன்ரை கையிலயும் இயக்கப் பெடியளின்ரை கையிலயும்தானே துவக்கைப் பாத்தனாங்கள். ஒருக்கால் என்ரை கையிலயும் இருக்கட்டுமன்."

அந்தக் கதையே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் ஸ்மோகோவில் தனியே இருந்து இடியப்பம் தின்கிற மனிதரும் கண்ணுக்குள் வந்தார். மிச்சக் கத்தரிக்காயை வெட்டினேன்.

இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுத வேண்டும். அதற்குப் பிறகு பொலிஸ் சார்பில் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஆளைத் தனியாகவும் மனைவியைத் தனியாகவும் விசாரிப்பார். டெய்ரி என்கிற மூலைக்கடையில் பால் வாங்கும்போது விலை கேட்கவே கூச்சப்பட்டு நோட்டை நீட்டிவிட்டு மிச்சத்தை எண்ணாமல் வருகிறவள் நான். என்னிடம் வந்து இங்கிலீஷில் விசாரணையா?

வந்தவர் வயதான மனிதர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்து, இந்த வீட்டுக்குத் துவக்கு வருவது உங்களுக்குச் சந்தோஷமா என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் ஊரில் துவக்கோடு வந்தவர்கள் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிச் சேர்த்து, சந்தோஷம் இல்லை, ஆனால் அவர் கவனமான மனிதர், படுக்கப் போகும்போது காஸ் அடுப்பை இரண்டு தரம் பார்க்கிறவர் என்றேன். மனிதர் சிரித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

லைசென்ஸ் கிடைத்தது. இவர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டார். "ஓம் எண்டு மட்டும் சொல்லியிருக்கலாமெல்லோ. சந்தோஷமில்லை எண்டு ஏன் சொன்னீர்?" என்று கேட்டார். சந்தோஷமில்லைத்தானே என்றேன். அது அவருடைய மனதில் தைத்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனித் துவக்குத் தெரிவு. எங்கள் ஆட்கள் ஒரு பொருள் வாங்கினால் பத்துப் பேரிடம் கேட்காமல் வாங்க மாட்டார்கள். கார் வாங்கும்போது பார்த்திருப்பீர்கள். துவக்குக்கு எங்கே போய்க் கேட்பது? எங்களுக்குத் தெரிந்த தமிழரில் அதைப் பற்றிக் கதைக்க முன்வந்தவர் முரளி ஒருவர்தான். மதுரைப் பக்கத்து ஆள், கம்ப்யூட்டர் வேலை, மகள்களின் பள்ளிக்கூடத்துக்காக எப்சத்தில் ரெண்ட் கட்டி இருந்தவர். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சுத்த சைவம். எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். அந்த மனிதர் நூலகத்திலிருந்து வேட்டைச் சஞ்சிகைகளைக் கட்டுக்கட்டாக எடுத்து வந்து, எந்தச் சன்னம் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பெரிய மானை விழுத்தும் என்று எங்கள் ஹோலில் இருந்து விளக்குவார். விளக்கும்போது வாயின் ஓரத்தில் நுரை கட்டும். பருப்பு வடையைக் கடித்தபடி, சன்னம் உள்ளே போய் எப்படி விரியும் என்று விரல்களை விரித்துக் காட்டுவார். எனக்குக் குமட்டும். வடைத் தட்டை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது இவருடைய கொள்கை. ஃபிரிஜுக்கும் நின்றேன், துவக்குக்கும் நின்றேன். ஒனஹங்கா பக்கத்தில் இருந்த கடை அது. சுவர் முழுக்க மான் தலைகளும் பன்றித் தலைகளும் இருந்தன. கண்ணாடிக் கண்கள், உதட்டில் பூசிய வார்னிஷ். ஒரு பன்றியின் திறந்த வாய்க்குள் யாரோ சிகரெட் துண்டு ஒன்றைச் செருகியிருந்தார்கள். அதற்குக் கீழே நின்று கடைக்காரர் இறைச்சி வைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே அந்த எண்ணெய் மணம். துவக்கெண்ணெய்க்கு ஒரு தனி மணம் உண்டு. இரும்பும் மருந்தும் கலந்த இனிப்பு. சோதனைச் சாவடிகளில் எங்கள் பையைக் கிளறிய கைகளில் அதுதான் மணந்தது. வீட்டுக்கு வந்து உடுப்பைத் தோய்த்தாலும் பையில் இரண்டு நாள் நிற்கும்.

கடைக்காரர் துவக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, இவர் கையில் கொடுத்தார். இவர்கள் தடவினார்கள், திருப்பினார்கள், தூக்கிப் பார்த்தார்கள், கண்ணை இடுக்கிப் பார்த்தார்கள். பொம்பிளை பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டாரை அப்படியே வைத்ததுபோல இருந்தது. என்னையும் ஒருநாள் அப்படித்தான் பார்த்தார்கள். நான் கதவோரம் நின்று தெருவைப் பார்த்தேன்.

முரளிக்குப் பிடித்தது வால்நட் மரக்கட்டை போட்ட ஒரு மினுக்கல் துவக்கு.

"அண்ணே, ஃபினிஷ் பாருங்க. பூஜை ரூம் கதவு மாதிரி மின்னுது."

"தம்பி, மழையில நனைஞ்சா மரம் ஊதுமாம். ஊதினா குழலைத் தள்ளுமாம். பிறகு பாக்கிற இடம் ஒண்டு, சுடுற இடம் ஒண்டு எண்டு கெவின் சொன்னவன்."

"அதுக்குன்னு பிளாஸ்டிக் கட்டையா? காசு குடுத்து வாங்குறது கொஞ்சம் லட்சணமா இருக்க வேணாமா?"

"லட்சணத்துக்கு வீட்டில ஆள் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரும் சிரித்தார். எனக்கு நிலத்துக்குள் போகலாம்போல இருந்தது.

கெவின் இவருக்குச் சொல்லி அனுப்பியது இதுதான்: பழைய இராணுவத் துவக்கை வெட்டிக் கொத்திச் செய்தது வேண்டாம், வடிவும் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து நேரே வந்த சாதாரண போல்ட் துவக்காக எடு. போல்ட் என்றால் கதவுக் கொண்டி போன்ற ஓர் உருளை. மேலே தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, கீழே மடிக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் கையால் அப்படிச் செய்ய வேண்டும். அதற்குள்ளே இருக்கிற ஊசிதான் முன்னுக்குப் பாய்ந்து தோட்டாவின் பின்பக்கத்தில் அடிக்கிறது. வெடித்த தோட்டாவின் வெறும் கூட்டை நண்டுக் கொடுக்குப் போலப் பிடித்து இழுத்து எறிகிற பெரிய கொக்கி இருந்தால் சேற்றிலும் சிக்காது. காட்டில் ஒரு வெடிக்குத்தான் சந்தர்ப்பம் வரும். அதுவும் குளிர்ந்த குழலோடு, விறைத்த கையோடு. அந்த ஒரு வெடி வெடிக்க வேண்டும். மற்றதெல்லாம் சஞ்சிகைக்காரரின் பிழைப்பு.

காஸ் அடுப்பை இரண்டு தரம் பார்க்கிறவருக்கு அந்தப் புத்தி நன்றாகப் பிடித்தது. கடையில் இருந்த எல்லாத் துவக்கின் போல்ட்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க என் முதுகு கூசியது. கடைசியில் கறுப்புக் கட்டை போட்ட, ஒரு அலங்காரமும் இல்லாத ஒன்றை எடுத்தார். கடைக்காரர் அதைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு புத்தி சொன்னார். இது தொழிற்சாலையில் எல்லாம் சரிபார்த்து வந்தது, நீயாக ஒன்றையும் மாற்றாதே, இது உன்னைக் கைவிடாது. இவர் நல்ல மாணவன் போலத் தலையாட்டினார்.

துவக்கு, படுக்கையறைச் சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் போனது. போல்ட்டைக் கழற்றி வேறிடத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இவர் அதை ஒரு சிறிய பூட்டுப் பெட்டியில் போட்டு, ஹாட் வாட்டர் கபோர்டின் மேல்தட்டில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்.

அந்தக் காலத்து வீடுகளில் வெந்நீர்ச் சிலிண்டர் ஒரு அலுமாரிக்குள் இருக்கும். குளிர் நாட்டில் அது ஒரு சொர்க்கம். துவாய், பிள்ளைகளின் பள்ளி உடுப்பு, தோசைக்குக் கரைத்த மா எல்லாம் அதற்குள்தான். தேங்காய் எண்ணெய்ப் போத்தலும் அங்கேதான் இருக்கும். வெளியில் வைத்தால் ஒக்லாந்தில் முக்கால்வாசி மாதமும் மெழுகு மாதிரி உறைந்துவிடும். இது தெரியாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் இல்லை.

அந்தச் சூட்டில் போல்ட்டின் எண்ணெய் இளகி மணக்கத் தொடங்கியது. முதலில் துவாயில், பிறகு பிள்ளைகளின் சீருடையில். மகளுக்குத் தலை துவட்டும்போது அவளுடைய தலைமயிரிலிருந்து சோதனைச் சாவடி மணந்தது. நான் பாத்ரூமுக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். இவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. துவாய்களை மட்டும் திரும்பத் திரும்பத் தோய்த்தேன். இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார். போல்ட்டைப் பெற்றோலில் கழுவி, துடைத்து, காயவைத்திருந்தார். என்னுடைய தேங்காய் எண்ணெய்ப் போத்தல் பக்கத்தில் இருந்தது. உள்ளுக்கும் வெளிக்கும் நிறையப் பூசியிருந்தார். அதை என் மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "இப்ப பாரும். உம்மடை தலைமயிர் மாதிரி மணக்குது" என்றார்.

கலியாணமாகி அத்தனை வருடத்தில் இவர் எனக்குச் சொன்ன ஆசை வார்த்தை அது ஒன்றுதான். அதையும் துவக்கின் போல்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டுமா?

மாசி மாதம், நல்ல வெயிலில், கெவினோடு சுட்டுப் பழகுகிற இடத்துக்குப் போனார். குறி வைத்த இடத்தில் சுட்டதாம், ஒருமுறைகூடச் சிக்கவில்லையாம். முரளி ஃபோனில் தானே செய்து கொடுத்ததுபோலப் பெருமைப்பட்டார். இந்த நாட்டில் மாசி கோடைகாலம் என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

சித்திரையில் புறப்பட்டுப் போனார்கள். ஞாயிறு பின்னேரம் திரும்பி வந்தவர் சப்பாத்துச் சேறோடு குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தார். வீட்டுக்குள் சப்பாத்தோடு வருகிற மனிதர் இல்லை. நான் மான் இறைச்சி எங்கே வைப்பது என்ற அருவருப்பில் நின்றேன். பையில் இறைச்சி இல்லை. பிள்ளைகளை முன்னறைக்குப் போகச் சொன்னார்.

"துவக்கு வெடிக்கேல்லை," என்றார்.

"நல்லது," என்றேன்.

"நீர் கேளும். கெவின் ஓடைக்கு அங்கால நிக்கிறதெண்டுதான் ஏற்பாடு. விடியப்புறம். புல்லெல்லாம் வெள்ளையாய்ப் பனி. ஓடைக்கு இங்காலயே மான் கத்திச்சுது. பன்னச் செடிப் பத்தைக்குள்ள மண்ணிறமாய் ஒண்டு அசைஞ்சுது. கொம்பு பாக்கேல்லை நான். தலையும் பாக்கேல்லை. விசையை அமத்திப்போட்டன்."

அவருடைய வலதுகைச் சுட்டுவிரல் மேசையில் மடங்கி நிமிர்ந்தது.

"டிக் எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். வெடிக்காட்டி உடனை திறக்காதே, கொஞ்சம் பொறு எண்டு வகுப்பில சொன்னவை. பொறுத்துக்கொண்டு நிண்டன். அப்பதான் கெவின் எழும்பினான்."

மான் தன்னிடம் வரட்டும் என்று மான் போலக் கத்தியிருக்கிறார் கெவின். அதற்கு முன் கேட்ட ஒரு மானின் கத்தலைத் தேடி ஓடையைக் கடந்து வந்து, பன்னத்துக்குள் குந்தியிருந்திருக்கிறார். மண்ணிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாராம்.

அந்தக் குளிரில் போல்ட்டுக்குள் இருந்த எண்ணெய் மெழுகாகிவிட்டது. ஊசி அதற்குள் புதைந்து, மெதுவாகப் போய்த் தட்டியிருக்கிறது.

இவர் அந்த இடத்திலேயே கெவினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கெவின் ஒரு மரக்கட்டையில் குந்தியிருந்து சிகரெட் சுற்றினாராம். சுற்ற முடியவில்லையாம், புகையிலை முழுக்க மடியில் கொட்டிக் கிடந்ததாம். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது, நாளைக்கு வேலைக்கு வா என்றாராம்.

திங்கட்கிழமை ஸ்மோகோவில் கெவினே கதையைச் சொன்னார். பெரிய மான் ஒன்று நேரே வந்து நின்றது, நம்ம ஆளின் புதுத் துவக்கு வெடிக்கவில்லை, மான் சிரித்துவிட்டுப் போய்விட்டது. அவ்வளவுதான் சொன்னார். தொழிற்சாலையே சிரித்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக இவரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்களாம், ஒருவன் இடியப்பமும் கேட்டு வாங்கித் தின்றானாம். இதை எனக்குச் சொல்லிவிட்டு இவர் கராஜுக்குப் போனவர், நெடுநேரம் வரவில்லை.

முரளி வந்து குதித்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல அண்ணே? அந்தத் துப்பாக்கி மூஞ்சியே சரியில்ல. கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுங்க, விடாதீங்க." அந்தத் துவக்குச் சரியில்லை என்று மவுண்ட் ரொஸ்கில் கோயில்வரை பெயர் கெட்டது. ஊரில் ஒருவரும் வாங்கப்போவதில்லை, ஆனாலும் பெயர் கெட்டது. அவர் கேசரியை வழித்துத் தின்றுகொண்டு கதைத்ததைக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு மனிதன் செத்திருப்பான் என்று சொல்ல வாய் உன்னியது. சொல்ல முடியாது. அந்த இனிப்பு மணத்தோடு அதையும் விழுங்கினேன்.

துவக்கைத் திருப்பி விற்கப் போனபோதும் நான் நின்றேன். கடைக்காரர் போல்ட்டைக் கழற்றி உள்ளே பார்த்தார், மோந்தார், இன்னொருமுறை மோந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். ராரொடோங்கா தீவுக்கு லீவு போன மாதிரி மணக்குது, இதையா பூசினாய் என்று கேட்டு, உள்ளே நின்ற மற்றவரையும் கூப்பிட்டு மோக்கச் செய்தார். சுவரில் பன்றியும் சிரித்துக்கொண்டு நின்றது. இவர் தலையைக் குனிந்து கவுண்டரின் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். எனக்கு வந்த அருவருப்பு துவக்கின் மேலா, அந்தச் சிரிப்பின் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அன்று பிடித்த மணம்தான், இன்றுவரை விடவில்லை.

துவக்கில் ஒரு பிழையும் இல்லை என்றார் கடைக்காரர். கழுவிப் பூட்டி, நம்பி வாங்கலாம் என்று எழுதிய மட்டையைத் தொங்கவிட்டுப் பழைய துவக்குகளின் வரிசையில் வைத்தார்.

கெவின் பிறகும் நத்தார்ப் பண்டிகைக்கு வருவார். வாசலில் நின்று ஒரு கேக்கை நீட்டுவார், நான் றோல்ஸ் கொடுப்பேன், இரண்டு பேரும் ஒன்றும் கதைக்க மாட்டோம். கூச்சத்தில் எனக்குத் தோதான மனிதர். எண்ணெய் விஷயம் இவர் சொல்லி அவருக்குத் தெரியும். ஒரே ஒரு முறை, போகும்போது திரும்பி, என் தலையைப் பார்த்துவிட்டு, தாங்க் யூ என்றார். கேக் கொண்டுவந்தவர் எனக்கு ஏன் நன்றி சொல்லுகிறார் என்று மகள் சிரித்தாள்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் பபிள் டீ விற்கிறார்கள். முரளி குடும்பம் சிட்னிக்குப் போய்விட்டது. தொழிற்சாலை மூடி எத்தனையோ காலம். ஹில்ஸ்பரோ வீட்டை இடித்து அதே காணியில் நாலு வீடு கட்டியிருக்கிறார்கள். மகனின் வீட்டைப் போல எல்லாம் புது வீடுகள். வெந்நீர் சுவருக்கு வெளியே ஒரு பெட்டியில் காஸில் கொதிக்கிறது. துவாயும் தோசை மாவும் வைக்க ஒரு சூடான அலுமாரி கிடையாது.

போன ஆனியில் கெவின் காலமானார். படுக்கையில், வயதாகி. இறுதி ஆராதனைக்குப் போனோம். பேரப்பிள்ளைகள் முன்வரிசை நிறைய இருந்தார்கள். ஒரு சின்னப் பெண் கதிரையில் கால் ஆட்டிக்கொண்டிருந்தது. நண்பர்கள் எழுந்து வேட்டைக் கதைகள் சொன்னார்கள். வெடிக்காத துவக்கின் கதையும் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், சிலர் திரும்பி இவரைப் பார்த்தார்கள். இவரும் சிரிக்க முயன்றார்.

சவப்பெட்டிக்கு மேலே அவருடைய கம்பளிச் சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். அத்தனை வருடம் காதால் மட்டும் கேட்ட அந்த மண்ணிறத்தை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இவர் கிட்டப் போய் நின்றார். சட்டையின் நெஞ்சுப் பக்கத்துப் பொத்தான் ஒன்று துளையிலிருந்து கழன்றிருந்தது. சுட்டுவிரலால் அதை மெதுவாகத் தள்ளிப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

பெட்டியைத் தூக்கினபோது சட்டையும் அதன்மேல் போனது.